சம்பத் மாஸ்டரின் மூணாவது கண்ணு

சம்பத் மாஸ்டருக்கு மூணாவது கண்ணு இருக்குன்னு ஆம்பூர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான்தான். பேரு தனபாக்கியம். பைபாஸ் பக்கம் எலக்ட்ரிகல் கடை எங்களுது.

சும்மா ஒண்ணும் சொல்லல. போன வருஷம் அவரோட யோகா சென்டருக்கு முதல் நாள் போனப்ப, மாஸ்டர் கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தாரு.

"வலது முட்டியில நோவு இருக்கும்மா உங்களுக்கு."

ஆடிப்போய்ட்டேன். அந்த நோவை எங்க வீட்டுக்காரருக்குப் புரிய வைக்கவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

அடுத்த மாசம் முனவ்வர் பேகம் வந்தாங்க. அவங்களுக்கு இடது இடுப்புன்னாரு. ஸ்கேன்லயும் அதான் வந்திருந்துச்சாம். அந்தம்மா மறுநாளே தெருவுல பாதிப் பேரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. உடம்புக்கு, மனசுக்கு, ஆன்மாவுக்குன்னு வாசல் போர்டுல எழுதியிருக்கும். எனக்கு மூணுக்கும் சேர்த்து நம்பிக்கை வந்துடுச்சு.

அங்க எனக்குப் பிடிக்காத ஒரே ஆளு அமிர்தவள்ளி. ஷூ கம்பெனியில பைனல் செக்கிங்ல இருபது வருஷமா இருக்கா. ஷிப்ட் முடிச்சு நேரா வருவா. நாங்க எல்லாம் உள்ள போய் உக்காந்த பிறகுதான் படியேறுவா. ஏறினாலும் உடனே உள்ள வரமாட்டா. செருப்பு விடற இடத்துலயே அஞ்சு நிமிஷம் நிப்பா. அப்புறம் நேரா மாஸ்டர் காதுகிட்ட போய் ஏதோ முணுமுணுத்துட்டு, கடைசி வரிசையில போய் உக்காருவா. லேட்டா வந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறா போலன்னு நானும் விட்டுட்டேன்.

செருப்பு விஷயத்தை மட்டும் விட முடியல. என்னுது தீபாவளிக்கு எடுத்தது. எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாதுன்னு கழிச்சுக் குவிச்சுப் போட்டதுல தேடித் தேடிப் பொறுக்கின அசல் லெதர். சுவரைப் பார்த்து விட்டுட்டுப் போனா, திரும்பி வரும்போது படியைப் பார்த்து இருக்கும். எல்லார் செருப்பும் அப்படித்தான். தனக்கு எது பொருந்தும்னு அமிர்தவள்ளி அளவு பாக்கறா போலன்னு முடிவே பண்ணிட்டேன்.

ஒருநாள் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேன். அமிர்தவள்ளி வந்தா. குனிஞ்சா. என் செருப்பையே எடுத்துத் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால தடவினா.

கையும் களவுமா பிடிச்சு, அத்தனை பேர் முன்னாடி இழுத்துட்டு வந்து நிறுத்தினேன்.

"என் செருப்புல உனக்கு இன்னா வேலை?"

அவ மாஸ்டரை ஒரு தடவை பார்த்தா. மாஸ்டர் கண்ணையே திறக்கல. இவ்ளோ ரகளையிலயும் கலையாத தியானம். எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு.

"தப்புதாங்க்கா. இனிமே வரல"ன்னு சொல்லிட்டு அமிர்தவள்ளி படியிறங்கிப் போய்ட்டா. ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்னு முனவ்வர் பேகம் மட்டும் சொன்னாங்க. திருடிக்கு வக்காலத்தான்னு நான் அவங்களையும் ஒரு பிடி பிடிச்சேன்.

மறு வாரம் ஹெலன் டீச்சர் புதுசா சேர்ந்தாங்க. நாங்க எல்லாம் ஆவலா உக்காந்திருந்தோம். மாஸ்டர் கண்ணை மூடினாரு. மூடினவரு திறக்கவே இல்ல. கடைசியில, "இடுப்பா?"ன்னாரு. அவரு கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்ல.

இல்லைங்களேன்னாங்க டீச்சர்.

"கழுத்து?"

அதுவும் இல்லையாம். குதிகால்னு அவங்களே சொல்ல வேண்டியதாப் போச்சு. அடுத்து வந்த ரெண்டு பேருக்கும் இதே கதை. கூட்டம் கம்மியாய்க்கிட்டே வந்துச்சு. மாஸ்டர் மூஞ்சியில களையே இல்ல. எனக்கா தூக்கம் பிடிக்கல. மூணாவது கண்ணுன்னு ஊர் பூரா சொன்னது நானாச்சே.

யோசிச்சு யோசிச்சு ஒண்ணு தோணுச்சு. திருட்டுக் கை பட்டதால அந்த இடத்தோட சக்தி போய்டுச்சு. அவளே வந்து மாஸ்டர் கால்ல விழுந்தாத்தான் சரியாகும்.

ஞாயித்துக்கிழமை அமிர்தவள்ளி வீட்டுக்கே போய்ட்டேன். வாசல்ல செருப்பை விட்டேன், அவ கண்ணுல படற மாதிரி உள்ள உக்காந்து அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவ டீ போட்டுக் குடுத்தா. குடிச்சிக்கிட்டே, அவளால ஒரு மகானோட சக்தி போனதை ஒண்ணு விடாம சொன்னேன்.

பொறுமையா கேட்டுக்கிட்டா. அப்புறம் கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினா.

"இந்தத் தோளு இவ்ளோ தூரம் எழும்பினதே இல்லைக்கா. மாஸ்டர் சொல்லிக் குடுத்த பயிற்சிதான் எழுப்புச்சு. அவரு வித்தை நெசம்."

சொல்லிக்கிட்டே வாசலுக்குப் போனா. மறுபடியும் என் செருப்பை எடுத்துட்டா. இன்னா தைரியம்னு நான் எழுந்து ஓடறதுக்குள்ள, ரெண்டையும் திருப்பி வச்சு, குதிகால் பக்கம் விரலை ஓட்டினா.

"உங்க பழைய செருப்புல இடதுதான் ஜாஸ்தி தேஞ்சிருந்துச்சு. வலது முட்டிக்குப் பயந்து அந்தக் கால்லயே அழுத்தி நடந்தீங்க. இதுல பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி தேயுது. முட்டி சரியாய்டுச்சுக்கா."

முனவ்வர் பேகத்தோட இடுப்பு, அமிர்தவள்ளி மாஸ்டர் காதுல ஓதினது, மாஸ்டரோட கலையாத தியானம், எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. வெக்கத்துல அவ மூஞ்சியைப் பாக்க முடியல.

"அப்போ அன்னிக்கு நீ ஏன்டி வாயைத் திறக்கல?"

அமிர்தவள்ளி சிரிச்சா. நான் இறங்கிப் போக வசதியா செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வச்சா.

"மாஸ்டருக்கு நான் போன்ல சொல்லிடறேங்க்கா. முட்டி சரியாய்டுச்சுன்னு நாளைக்கு அவரு கண்ணை மூடிச் சொல்லுவாரு. புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்கங்க."