நிலாமுற்றத்தில் உலர்த்தற்க

“கிழமையில ஏழு நாளும் பெட்சீற்! மனுசி மேல ஹோட்டலோ நடத்துறா?”

ரஞ்சினி இப்படிக் கேட்டதோடு கூட்டம் தொடங்கிவிட்டது.

ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் சூசையம்மா. அவருக்கு நேர் கீழே ரஞ்சினி. மேலே காயும் விரிப்புகளின் தண்ணீர் கீழே ரஞ்சினி பல்கனியில் உட்காரும் கதிரையில்தான் சொட்டும்.

பல்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது கட்டடத்தின் சட்டம். ஆங்கிலத்தில் மூன்று தடவை நோட்டீஸ் போயிற்று. “எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது” என்று மூன்று தடவையும் சூசையம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

‘தமிழில் கொடுங்கள். விளங்கியது என்று கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகும் துணி தொங்கினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம்’ என்று மனேஜரிடமிருந்து மெயில் வந்தது.

அதற்காகத்தான் மூன்று தமிழர் கூடியிருந்தார்கள். ரஞ்சினி, கோயம்புத்தூர் நரேன், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் கீறிய வரதராஜா.

“ஒரே வரி அங்கிள்,” என்றான் நரேன். “பால்கனியில் துணி காயப்போடாதீர்கள். முடிச்சிட்டுக் கிளம்பலாம்.”

“பல்கனி தமிழோ தம்பி?”

“எல்லாருக்கும் புரியுமே.”

“விளங்கினாப்போல தமிழாகிடுமோ?” வரதராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப விறாந்தை எண்டு போடுங்கோ அண்ணை,” என்றாள் ரஞ்சினி.

“அது போர்த்துக்கேயன் விட்டிட்டுப் போனது.”

நரேன் போனில் தேடினான். “பலகணி?”

“அது யன்னல். யன்னல்ல ஆர் பெட்சீற் காயப்போடுறது?”

“மாடம்?”

“விளக்கு வைக்கிறதும் மாடம், புறா இருக்கிறதும் மாடம். சூசையம்மா அக்கா என்ன புறாவோ?”

முக்கால் மணி நேரம் போயிற்று. தேநீரில் ஆடை படிந்தது. கடைசியில் வரதராஜா தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

“நிலாமுற்றத்தில் ஆடை உலர்த்தற்க.”

நரேன் போனைக் கீழே வைத்தான்.

“நிலாமுற்றமா? அங்கிள், நம்ம பால்கனில நின்னா கார் பார்க்கிங்தான் தெரியும்.”

“நிலா வராட்டி அது நிலாவின்ர பிழை.”

“அண்ணை, அந்த மனுசிக்கு இது விளங்குமே?”

“தமிழில குடுக்கச் சொன்னவை. இது தமிழ்.” பேனையை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

படிச்ச திமிர் என்று ரஞ்சினி மனதுக்குள் திட்டினாள். ஒரு வரியை விளங்கும்படி எழுதத் தெரியாத மனிதருக்குப் பேர் அறிஞர்!

அந்த வரியோடு நோட்டீஸ் மேலே போயிற்று. அடுத்த கிழமையும் விரிப்புகள் தொங்கின. ரஞ்சினிக்குப் பொறுமை போய்விட்டது. பல்கனி என்று வாயாலேயே சொல்லி, கையோடு கையெழுத்தும் வாங்கி வருவோம் என்று நோட்டீஸின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

கதவு பாதிதான் திறந்தது.

“அன்ரி, நோட்டீஸ் வந்ததெல்லோ? அது விஷயமாத்தான் வந்தனான்.”

“உள்ளுக்கு வா பிள்ளை. மெல்லக் கதை. இப்பதான் கண்ணயர்ந்தவர்.”

கட்டிலில் எமிலியானுஸ் கிடந்தார். முழங்கால் நோ, படி இறங்க ஏலாது என்றுதான் சூசையம்மா ஆறு மாதமாகக் கணவரைப் பற்றி எல்லோருக்கும் சொல்லி வந்தார். உண்மையில் பக்கவாதத்தில் உடம்பின் ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டிருந்தது. கால்மாட்டில் விரிப்புகள் அடுக்கி இருந்தன. அறை முழுக்கச் சவர்க்கார வாசம்.

“ஒரு நாளைக்கு மூண்டு தரம் மாத்த வேணும் பிள்ளை. பின்வளவுக் கொடியில காயப்போட, இவரைத் தனிய விட்டிட்டு இறங்கி ஏற ஏலாது. வீட்டுக்குள்ள போட்டால் ஈரம் இவரின்ர நெஞ்சைப் பிடிக்குது.”

ரஞ்சினி தாளை நாலாக மடித்தாள்.

“எங்கட மகன் எறிக்குக்குச் சொல்லிப்போடாதை. மெல்பேணில இருந்து ஓடி வந்து இவரை ஹோமில விட்டிடுவான். ஐம்பத்திரண்டு வருசம் ஒரே கட்டில்ல படுத்தனாங்கள்.”

“இதெல்லாம் ஒருத்தருக்கும் தெரியாதோ அன்ரி?”

“வரதராஜாத் தம்பிக்குத் தெரியும். காலமையில வந்து இவரைத் தூக்கித் திருப்பிவிடுறது அவர்தானே. அந்த நோட்டீஸ் விளங்காமல் அவரைத்தான் கேட்டனான்.”

“என்ன சொன்னவர்?”

“‘அது அரண்மனையளில நிலா பாக்கிற இடம் அக்கா, இந்தக் கட்டடத்தில இல்லை. விளங்கேல்லை எண்டே எழுதிக் குடுங்கோ’ எண்டவர். நல்ல காலம், பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறதுக்கு ஒரு பொய் குறைஞ்சுது.” சூசையம்மா சிரித்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். “கையில என்ன தாள் பிள்ளை?”

பல்கனியில் ஒரு வெள்ளை விரிப்பு காற்றில் ஊதி, மெல்ல அடங்கியது.

“கடையில வாங்கிற சாமான் எழுதின துண்டு அன்ரி. ஏதும் வாங்க வேணுமோ எண்டு கேக்க வந்தனான்.”

அடுத்த கூட்டத்தில் நரேன் போனை நீட்டினான். “புரியலைன்னு அந்தம்மா எழுதிக் கொடுத்துட்டாங்களாம். வேற தமிழ்ல கொடுக்கச் சொல்லி மனேஜர் கேக்கிறாங்க. இப்பவாவது பால்கனின்னு போடலாமா?”

வரதராஜா கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாய் திறக்குமுன் ரஞ்சினி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

“அதெப்படித் தம்பி? பல்கனி தமிழோ? உப்பரிகை எண்டு போட்டுப் பாப்பம்.”