இருட்டாகத்தான் தெரிகிறது

"இன்னும் இருட்டாத்தான் தெரியறது மாமி."

டல்லாஸிலிருந்து மாப்பிள்ளைப் பையனின் அம்மா இதைச் சொன்னதும் பத்மாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் மட்டும் இங்கே பளிச்சென்று தெரிந்தார்கள். அந்த அம்மாள், பக்கத்தில் பையன், பின்னால் ஃப்ரிட்ஜ், அதில் ஒட்டியிருந்த பொம்மை வரைக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உத்திரமேரூரில் உட்கார்ந்திருந்த அவள் பெண் பத்மஜாதான் அங்கே போய்ச் சேரவில்லை. குரல் போனது, முகம் போகவில்லை.

அவள் கணவர் கஸ்தூரிரங்கன் எதிரே இருந்த குட்டி மடிக்கணினியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

பத்மஜா பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்தது அது. பழைய ஓ.எஸ்.ஸில் இந்த வீடியோ ஆப் ஏறாது என்று, அவர் தங்கை பிள்ளை அஸ்வத் ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வந்து புது ஓ.எஸ். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. உயிர் வருவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். அம்புக்குறியை வலது பக்கம் தள்ளினால் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும்.

வேறு வழியும் இல்லை. பெரியவர்கள் இருவரிடமும் பட்டன் போன்தான். பத்மஜாவின் போன் காலையில் தண்ணீர் அண்டாவில் விழுந்து, இப்போது அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அடுத்த வீட்டில் கேட்டால், நிச்சயமாகும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கஸ்தூரிரங்கன் ஒப்பவில்லை.

பட்டன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அஸ்வத்தைப் பிடித்தார்.

"டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் ஏதாவது இருக்கா மாமா?"

"முக்கோணமும் இல்லை, நாற்கோணமும் இல்லைடா."

"அப்ப டிரைவர் சரியாத்தான் இருக்கு. செட்டிங்ஸ்ல கேமராவுக்கு அனுமதி?"

"எல்லாத்துக்கும் குடுத்தாச்சு. கீழ விழுந்து சேவிக்கறதுதான் பாக்கி. அதையும் பண்ணிடட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை என் மூஞ்சி நன்னாத் தெரிஞ்சுதே மாமா! ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்கோ."

அணைத்தார். போட்டார். டல்லாஸ் மறைந்து, நீல வட்டம் சுற்றிச் சுற்றி, மறுபடி டல்லாஸ் வந்தது. அதே ஃப்ரிட்ஜ். அதே இருட்டு.

பத்மாசினி சொஜ்ஜி பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். திரைக்குள் இருப்பவர்களுக்கு எதற்கு பஜ்ஜி என்று மத்தியானம் கேட்டதற்கு, "பொண்ணு பார்க்கறதுன்னா முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ," என்றார் கஸ்தூரிரங்கன். எண்ணெய்ச் சட்டி முன் நின்று வெந்தவள் அவள். முறை அவருக்கு.

முறை பேசுகிறவர், பெண்ணை ஒரு வார்த்தை கேட்டாரா?

பத்மஜாவுக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. சீட் கிடைத்திருந்தது. வரும் திங்களன்று சேர வேண்டும். இன்று பேசி முடிந்தால் ஆவணியிலேயே கல்யாணம், அப்புறம் காலேஜ் எதற்கு என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

பெண் மேலும்தான் கோபம். நேற்று வரைக்கும் அழுது தலையணையை நனைத்தவள், இன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. சொன்ன புடவையைக் கட்டினாள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை? கிடையாது. இவ்வளவு சுலபமாகவா ஒருத்தி விட்டுக்கொடுப்பாள்?

'நான் விட்டுக்கொடுத்த மாதிரியே' என்று நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது.

"சரி, விடுங்கோ," என்றாள் டல்லாஸ் அம்மாள். "பொண்ணு என்ன நிறம்னு வாயாலயே சொல்லிடுங்கோ. இந்தக் காலத்துல போட்டோவை எல்லாம் நம்ப முடியறதா?"

காஞ்சிபுரத்துக் கடைக்குப் போன் போட்டுப் புடவைக் கலர் கேட்கிற குரல்.

கஸ்தூரிரங்கன் திரும்பித் தன் பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்ல கோதுமை நிறம் மாமி," என்றார்.

அவ்வளவுதான். தட்டை நங்கென்று கீழே வைத்தாள் பத்மாசினி.

"தள்ளுங்கோ, நான் பார்க்கறேன்."

"உனக்கு என்னடி தெரியும் இதைப் பத்தி?"

"தள்ளுங்கோன்னா!"

அவர் நகர்ந்தார். வேறு யார் முகம் தெரியாவிட்டாலும் தன் முகம் அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டும். முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்க வேண்டும். கேட்ட பிறகு எது நடந்தாலும் நடக்கட்டும்.

திரையைத் துடைக்க முந்தானையை இழுத்துக்கொண்டு குனிந்தாள்.

திரைக்கு மேலே, கறுப்பு விளிம்பின் நட்டநடுவில், சந்தனப் பொட்டு. அதன் மேல் துளிக் குங்குமம். கேமராவின் கண் இருக்கிற இடம்.

கிரைண்டருக்கும் பீரோவுக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் பொட்டு உள்ள வீடு. அதனால் அது ஒருவர் கண்ணிலும் உறுத்தவில்லை. ஆனால் போன சரஸ்வதி பூஜைக்கு வைத்தது என்றால் காய்ந்து உதிர்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும்.

விரல் நுனியால் தொட்டாள். ஈரம்.

தலையைத் திருப்பினாள். பத்மஜா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த வலது கையில், பொட்டு வைக்கிற மோதிர விரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.

"ஏதாவது தெரியறதாடி?" என்றார் கஸ்தூரிரங்கன் பின்னாலிருந்து.

பத்மாசினி முந்தானையை விட்டாள். அந்தச் சந்தனத்தைக் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டாள்.

பிறகு டல்லாஸைப் பார்த்து, இனிக்க இனிக்கக் கேட்டாள்:

"இப்ப எப்படித் தெரியறது மாமி?"