தங்கமணி தூக்கிய கை

நகராட்சிக் கூட்ட அறையின் மேசையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு கோடு கோடாக விழுகிறது. கவுன்சிலர் சபீஹா மட்டும் நிற்கிறாள். மின்விசிறி இரைச்சலை மீறி அவள் குரல் எழுகிறது. “போதை ஊசி போட்டுக்கிட்டு, பெங்களூர் பஸ் நிக்கிற எடத்துக்குப் பின்னாடி மயங்கிக் கெடந்தான் முத்துமணி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா போலீசு நம்மளையும் அடிக்கும்னு கூட இருந்தவங்க ஓடிட்டாங்க. பயத்துலதான் ஒரு உசிரு போச்சு. தூக்கிட்டு வர்றவங்களைப் பிடிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க. சுத்தமான ஊசியும் வைத்தியமும் குடுக்க ஒரு ரூம் வேணும்.” தலைவர் சௌந்தரராஜன் டீயில் பிஸ்கட்டைத் தோய்க்கிறார். “போதைக்காரனுக்கு நாம ஊசி வாங்கிக் குடுக்கணுமாம்மா?” அறை முழுக்கச் சிரிப்பு. “சரி, ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.” சபீஹாவின் கை உயர்கிறது. பார்வையாளர் பெஞ்சிலிருந்து இன்னொரு கையும் உயர்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிச் சீருடையோடு வந்திருக்கும் தங்கமணி, முத்துமணியின் அம்மா. “உங்களுக்கு இங்க ஓட்டு இல்லம்மா, கையை எறக்குங்க” என்கிறார் தலைவர். “எம் பையனுக்கு இருந்துச்சுங்க. உங்களுக்குத்தான் போட்டான்.” சிரிப்பு அடங்குகிறது. பியூன் வந்து தோளைத் தொட்ட பிறகும் தங்கமணி கையை இறக்கவில்லை.