ஐந்து குட்டிக்கரணம்

பல் டாக்டரம்மா சாப்பாட்டு மேசையில் இழைத்து இழைத்துச் செய்த நாலாவது கிளைடர், ஒரு குட்டி விமானம் அது. மோட்டார் கிடையாது. மலைச்சரிவில் மோதி எழும் காற்று தூக்கும். கையிலுள்ள ரிமோட் திருப்பும். முந்தைய மூன்றும் மண்ணைக் கவ்வியிருந்தன.

“இதையாவது முழுசா கொண்டு வா,” என்று கணவர் கிண்டலடித்தார்.

கொண்டுவந்தாள். தலைகீழாகப் பறந்து, ஐந்து குட்டிக்கரணம் போட்டு, அவள் காலடியில் பூப்போல இறங்கியிருந்தது. சரிவே கைதட்டியது.

கணவர் சமையலறையிலிருந்து வந்தார். கையில் கிளைடரின் ஒரே பேட்டரி; ரிமோட் சொல்வதை அது கேட்க இதுதான் வேண்டும்.

“காலையிலேருந்து சார்ஜர்லயே கிடக்கு. இது இல்லாம அது எப்படி உன் சொல்பேச்சு கேட்டுது?”

கிளைடரின் மூக்கைத் திறந்தாள். பேட்டரி வைக்கும் குழி காலி.

மூக்கை மூடினாள். பிறகு பேட்டரியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“அடுத்த வாரம் ஆறு போடும், பாருங்க.”