ஏழு லேபிளுக்கு அடியில்

"மெதுவாக்கா, கிழிஞ்சா போச்சு!" சினேகா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியாயிற்று; திரை லைசன்ஸ் எண்ணைக் கேட்கிறது. அது கிடைத்தால்தான் தீபாவளிப் பட்டாசு லேபிள் டிசைன் இன்று அச்சுக்குப் போகும். எண் இருப்பதோ பழைய பெட்டியின் பக்கவாட்டில், சீசன்தோறும் அச்சான முதல் லேபிளை அச்சகத்துப் பைண்டிங் பிரிவின் பொன்மணி ஒட்டிவைத்த இடத்தில். பொன்மணியின் ஈரத்துணி பட்டதும் சங்குசக்கரம் உரிகிறது, புஸ்வாணம் உரிகிறது. "பயப்படாத தாயி. எனக்குக் கடையில விக்கிற கம்முப் பசை ஆகாது, எல்லாம் மைதாப் பசைதான். மைதாவுல பசையான்னு அன்னைக்கு எம்புட்டுச் சிரிச்ச!" ஏழாவது லேபிளுக்குக் கீழே லைசன்ஸ் எண்ணின் இருபத்தைந்து எழுத்தும் அழியாமல் மினுங்குகின்றன. சினேகா தட்டத் தட்ட, திரையில் பச்சை டிக் விழுகிறது. பொன்மணியின் பிசுபிசுத்த விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். நீங்களே சொல்லுங்க, புதுப் பெட்டியில் முதல் லேபிளை வேறு யார் ஒட்ட முடியும்?