பக்கத்து சீட்

மாஸ்டர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய மனைவி அந்தக் கவரைப் பிரித்தாள்.

அது தபாலில் வந்த நாளிலிருந்து மனுஷன் அதைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சந்தேகம் வர அதுவே போதாதா?

வெளிநாட்டுப் போலீஸ் அனுப்பிய அபராத நோட்டீஸ். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று மாஸ்டர் வாடகைக்கு ஒரு கார் எடுத்தார். அந்தக் கார் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டதாம்.

எப்படித் தாண்டும்?

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விழுந்தால் நின்றுவிடுவார். பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்கினாலும் பச்சை விழாமல் நகர மாட்டார். இத்தனை வருஷத்தில் தன் மேல் ஒரு கேஸ்கூட இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவள் காதைப் புளிக்க வைத்தவர்.

அந்த ஊரில் எல்லாம் தலைகீழ்தான். காரில் ஸ்டியரிங்கூட எதிர்ப்பக்கம். அவள் ஒவ்வொரு தடவையும் தப்பான கதவைத் திறந்துகொண்டு நிற்பாள், மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் மாஸ்டர் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

அப்படிப்பட்டவர் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருக்க வேண்டாமா? அதை விட்டுவிட்டு, ‘வண்டியை ஓட்டியது நான்தான்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பெரிய துணிக்கடையில் டிரையல் ரூம் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போன துணியெல்லாம் வெளியே வருகிறதா என்று பார்க்கிற வேலை. கடைப் பெண்கள் அவளுக்கு ஸ்கேனர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மடியில் கனம் உள்ளவர்கள் நிறையப் பேசுவார்கள் என்பது அவள் அனுபவம்.

இந்த வாரம் மாஸ்டர் திறந்த வாயை மூடவில்லை.

நோட்டீஸின் அடியில் ஒரு படம் இருந்தது. காரை முன்னாலிருந்து கேமரா எடுத்த படம்.

டிரைவர் உட்காரும் பக்கத்தில் மாஸ்டர். அந்த வழுக்கையில் சந்தேகமே இல்லை.

பக்கத்து சீட்டில் ஒரு பெண்.

கண்ணாடியில் வெயில் பட்டு முகம் வெளுத்துப் போயிருந்தது. கழுத்தில் சுற்றிய பச்சை ஸ்கார்ஃப் மட்டும் நன்றாகத் தெரிந்தது. மாஸ்டர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!



நேரத்தைப் பார்த்தாள். பட்டப்பகல். அங்கே இருந்தவரை மதியமானால் மகள் நூலகத்துக்குப் போய்விடுவாள். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மாஸ்டரும் கிளம்பிவிடுவார். போகும்போது இவளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போவார். எவ்வளவு அக்கறை!

யார் இந்தப் பச்சை ஸ்கார்ஃப்? மகளையும் மாப்பிள்ளையையும் விட்டால் அந்த ஊரில் அவருக்கு யாரைத் தெரியும்?

மாப்பிள்ளையை நினைத்ததும் ஆற்றாமையாக இருந்தது. அவள் சந்தேகப்படாத ஒரே ஆண்பிள்ளை அவர். பெண்டாட்டியைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவர். கடைக்கா, அவரே கூட்டிப் போவார். டாக்டரிடமா, அவரே. கார் சாவி தூங்கும்போதும் அவர் பாக்கெட்டில்தான் இருக்கும். “அவளுக்கு எதுக்கு அத்தை அந்தச் சிரமமெல்லாம்?” என்பார். எதைக் கேட்டாலும் மகள் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். புருஷன் மேல் என்ன மரியாதை என்று இவள் பூரித்துப் போயிருந்தாள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்ற நேரத்தில் அவளுடைய போன் அடித்தது.

மாப்பிள்ளை. அவராக இவளுக்குப் போன் செய்ததே கிடையாது.

“அத்தை, அவ உங்ககிட்ட ஏதாவது பேசினாளா?” குரல் பணிவாகத்தான் இருந்தது. “காலையில இருந்து ஆளைக் காணோம். என் காரையும் காணோம்.”

அவள் கையிலிருந்த படத்தையே பார்த்தாள்.

மாஸ்டரின் கைகளில் ஸ்டியரிங் இல்லை. ஒரு கை மடியில் கிடந்தது. இன்னொரு கை இரண்டு சீட்டுக்கும் நடுவே இறங்கியிருந்தது. புதிதாகப் பழக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஹேண்ட்பிரேக்கில் கை வைப்பாரே, அதே மாதிரி.

அந்த ஊர்க் காராயிற்றே, ஸ்டியரிங் பச்சை ஸ்கார்ஃபின் முன்னால் இருந்தது. இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்த பூரிப்பில்தான் மனுஷன் விளக்கைக் கவனிக்கவில்லை.

ஓட்டியது நான் இல்லை, மகள் என்று அவர் எழுதியிருந்தால் அடுத்த கவர் மகள் வீட்டு வாசலுக்குப் போயிருக்கும். அந்த வீட்டில் கவர் பிரிக்கிற கை யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இவனையா மெச்சினேன்? அவளுக்குச் சட்டென்று அழுகை வரும்போல் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தலையில் துண்டோடு மாஸ்டர் வாசல் நிலையில் நின்றார். அவர் கண் போனையும் நோட்டீஸையும் மாறி மாறிப் பார்த்தது. இந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

“அத்தை, லைன்ல இருக்கீங்களா? மாமா ஏதாவது சொன்னாரா? உண்மையைச் சொல்லுங்க.”

நிறையப் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியும். நோட்டீஸை மடித்து மாஸ்டரின் ஈரக் கையில் வைத்தாள்.

“அவளுக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே, மாப்பிள்ளை.”