மோடத்தின் ஒன்பதாவது அழைப்பு

காலொடிந்து வீட்டிலிருந்த மங்கையர்க்கரசி, தான் கணித்த புயல் எச்சரிக்கையை மாலைக்குள் வானிலை அலுவலகக் கணினிக்கு அனுப்பியாக வேண்டும். மழையில் தொலைபேசிக் கம்பி கரகரத்தது. எட்டு முறை அழைத்தும் இணைப்பு அறுந்ததில், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் அவள் வீட்டு மோடம் குன்றிப்போனது.

"போதும், விட்டுடு" என்றது தொலைபேசி.

"படகெல்லாம் கடலுக்குக் கிளம்பிடும். விடமாட்டேன்" என்று மோடம் மறுபடி அழைத்தது.

அலுவலக மோடம் எடுத்ததுமே படபடவென்று பொரிந்தது. இதுவரை அதே வேகத்தில் பேசப் பார்த்துத் தோற்ற வீட்டு மோடம், இந்த முறை கூச்சத்தை விட்டது. "அண்ணே, பாதிதான் காதுல விழுது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

அலுவலக மோடம் உடனே வேகத்தைக் குறைத்தது.

"அப்பாடா! எனக்கும் ஒண்ணும் கேக்கல தம்பி. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

இருவரும் நிதானமாகப் பேசினார்கள். எச்சரிக்கை வரி வரியாகப் போய்ச் சேர்ந்தது.